ஒரு சொல்லுக்குள் நிற்கும் எல்லை

2013 ஜனவரி. செக் குடியரசில் ஜனாதிபதித் தேர்தல் நேரம். தொலைக்காட்சி விவாதமொன்றில் வேட்பாளர் கரேல் ஷ்வார்ஸன்பெர்க் 1945ஐப் பற்றி வாய்திறந்தார். அன்று ஜேர்மன் மக்களுக்கு நடந்தது இன்று நடந்தால், அப்போதைய ஜனாதிபதி எட்வார்ட் பெனெஷ் ஹேக் நீதிமன்றத்தில்தான் நிற்பார் என்றார். போட்டியாளர் மிலோஷ் ஸெமான் விடுவாரா? இவர் சுதேத்தன் ஜேர்மன்காரர் மாதிரியல்லோ கதைக்கிறார் என்று திருப்பியடித்தார். வென்றதும் ஸெமான்தான். அது ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் 68 வருடம் கழித்தும் அந்தச் சொல் வசையாகப் பயன்பட்டது, பாருங்கோ.

செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப்புறங்களில் சுமார் 30 இலட்சம் ஜேர்மன் மொழியினர் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1938 மியூனிக் ஒப்பந்தம் அந்தப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தபோது அவர்களில் பெரும்பாலானோர் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் மிச்ச செக் நிலமும் போனது. இதைச் சொல்லாமல் வெளியேற்றத்தை மட்டும் சொன்னால் அது அரைக்கதை.

ஆனால் போர் முடிந்ததும் தண்டனை, யார் என்ன செய்தார் என்று பார்த்து வரவில்லை. பேசும் மொழியைப் பார்த்துத்தான் வந்தது. நாஜிகளை எதிர்த்ததை நிரூபித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்களின் குடியுரிமையும் சொத்தும் பெனெஷ் ஆணைகளால் பறிபோயின. 1945 மே 30 இரவு பெர்னோ நகரிலிருந்து ஒஸ்திரிய எல்லை நோக்கி நடக்க வைக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்தான். வழியிலும் பொஹொர்ஷெலிட்ஸேயிலும் பலர் செத்துப்போனார்கள். 1946இல் ஒரு சட்டம், பழிவாங்கலாகச் செய்யப்பட்ட குற்றங்களுக்குக்கூட வழக்கில்லை என்றது.

செக் மொழியில் இதற்கு வழக்கமான பெயர் 'ஒட்ஸுன்'. அப்புறப்படுத்தல் என்று சொல்லலாம். ஜேர்மனில் 'ஃபெர்ட்ரைபுங்', அதாவது துரத்தியடித்தல். இடம்பெயர்ந்தோம் என்பதற்கும் துரத்தப்பட்டோம் என்பதற்கும் உள்ள தூரம் எங்களுக்கு விளக்கித் தெரியவேண்டியதில்லை. 1997இல் இரு அரசுகளும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டு, இரு பக்க அநீதிகளையும் ஏற்றுக்கொண்டன. அதற்குப் பிறகும், 2009இல் செக் ஜனாதிபதி வாட்ஸ்லாவ் க்ளவுஸ், பழைய சொத்துக் கோரிக்கைகள் கிளம்பும் என்று காரணம் காட்டி லிஸ்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் இழுத்தடித்தார். சொத்துப் பறிமுதலால் முறுகிக்கொண்டிருந்த குட்டி நாடு லிச்சென்ஸ்டைனும் செக்கும் ஒன்றையொன்று அங்கீகரித்ததும் அதே வருடம்தான்.

2015இல் பெர்னோ மாநகரசபை 1945 நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. அந்த மே மாதம் ஆட்கள் பொஹொர்ஷெலிட்ஸேயிலிருந்து பெர்னோவுக்கு, அதே பாதையில் எதிர்த்திசையாக நடந்தார்கள். பெனெஷ் ஆணைகள் இன்னும் நீக்கப்படவில்லை.