வண்டுக்குக் கால் ஒட்டிய மனிதர்

கையடக்கத் தொலைபேசி ஒன்றும், பிசைந்த களிமண்ணும், ஒரு விடுமுறை நாளும் கிடைத்தால் இன்று பத்து வயதுப் பிள்ளை தன் வீட்டு மேசையிலேயே சலனப்படம் ஒன்றை எடுத்துவிடுகிறது. பொம்மையைச் சற்றே நகர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். மீண்டும் நகர்த்தி மீண்டும் ஒரு படம். எடுத்தவற்றைத் தொடர்ச்சியாக ஓடவிட்டால் பொம்மை தானே நடக்கும். ஸ்டொப் மோஷன் என்று இதனை அழைக்கின்றனர். கணினி யுகம் பெற்றெடுத்த விளையாட்டு இது என்று எண்ணுவோர் எம்மிடையே பலர். உண்மையில் சினிமாவுடன் கூடப் பிறந்த கலை இது. பெருங் கலையகங்களைவிட வீடுகளே இதனை வளர்த்தன என்பது என் எண்ணம். அதற்கு நான் காட்டக்கூடிய சாட்சி விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்பவர்.

போலந்துப் பெற்றோருக்கு 1882 இல் மொஸ்கோவில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, தாத்தா பாட்டியின் அரவணைப்பில் கோவ்னோ நகரில் வளர்ந்தார். லித்துவேனியாவில் கௌனஸ் என இன்று வழங்கும் அந்நகர் அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பூச்சிகள் மீது அவருக்கு அளவிறந்த மோகம். கோவ்னோ நூதனசாலைக்காக விபரணப் படங்களை எடுத்துக்கொண்டிருந்த அவர், பெண் வண்டுக்காக இரு மான்கொம்பு வண்டுகள் போரிடுவதைப் படமாக்க விரும்பினார். ஆனால் அவை இரவில் திரியும் உயிரினங்கள். விளக்கைப் போட்டால் அசையாது கிடந்தன. வெளிச்சம் இல்லையேல் கமரா எதையும் பதியாது; வெளிச்சம் இருந்தால் வண்டு சண்டை போடாது.

பிரான்ஸில் எமில் கோல் என்பவர் தீக்குச்சிகளை உயிர்பெற்றவை போல ஆடவைத்து 1908 இல் எடுத்த படமே அவருக்கு வழிகாட்டியது என்பர். இறந்த வண்டுகளின் கால்களையும் கொம்புகளையும் கழற்றி, கம்பியாலும் அரக்காலும் திரும்பப் பொருத்தினார். விரும்பியபடி வளைக்கக்கூடிய நடிகர்கள் தயார். 1910 இல் அந்த வண்டுப் போர் படமாயிற்று.

அடுத்து மொஸ்கோவில் கான்ஷோன்கோவ் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்தார். 1912 இல் வெளிவந்த 'கமராக்காரனின் பழிவாங்கல்' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம். வண்டுக் கணவர் நகரத்துக்குச் சென்று தும்பி நடனக்காரியுடன் உல்லாசமாக இருக்கிறார். அவளை இழந்த வெட்டுக்கிளியோ கமராக்காரன். சாவித்துவாரத்தின் வழியே அனைத்தையும் படம்பிடித்து, பின்னர் கணவனும் மனைவியும் அமர்ந்திருக்கும் திரையரங்கிலேயே ஓட்டிக் காட்டிவிடுகிறான். மனைவியும் நிரபராதி அல்ல என்பதுதான் இதிலுள்ள சுவை.

இப்படங்கள் வெளிநாடு சென்றபோது, நன்கு பழக்கப்பட்ட உயிர்ப் பூச்சிகளே நடித்தன என்று லண்டன் நிருபர்கள் எழுதினர் என்றொரு கதை வழங்குகிறது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதை நம்ப எனக்குச் சிரமமில்லை. பக்கம் மூடும் வேளையில், பூச்சிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரின் பேட்டியையே எழுதித் தரக்கூடியவர்களுடன் நான் பணியாற்றியிருக்கிறேன்.

நிற்க. ரஷ்யப் புரட்சி வந்தது. ஸ்டாரெவிச் குடும்பத்துடன் கிரைமியாவுக்குப் பெயர்ந்து, அங்கிருந்து இத்தாலி வழியாக 1920 இல் பிரான்ஸை அடைந்தார். பெயர்கூட லாடிஸ்லாஸ் என்று பிரெஞ்சு உருப் பெற்றது. மொஸ்கோவில் கோகோலின் கதையை நடிகர்களைக் கொண்டு முழுப் படமாக இயக்கியவர் அவர். பாரிஸில் ரஷ்ய அகதிகள் நடத்திய கலையகங்களும் இருந்தன. ஆயினும் அவர் பொம்மைகளையே தெரிந்தெடுத்தார். பிறர் மொழி வேண்டாம், பிறர் முதலும் அதிகம் வேண்டாம், ஒரு மேசை போதும் என்ற நிலை. இதனை வாசிக்கும் எம்மவர் பலருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

1924 இல் பாரிஸின் கிழக்குப் புறநகரான ஃபொன்தனே-சூ-புவாவில் குடியேறினார். அங்குள்ள எம்மவர் ரயில் நிலையப் பலகையில் இப்பெயரைப் பார்த்திருப்பர். அந்த வீடே கலையகம். மனைவி அன்னா பொம்மைகளுக்கு உடை தைத்தார். மூத்த மகள் இரேன் கதை எழுதுவதிலும் இயக்கத்திலும் தந்தையின் வலதுகரமானார். இளைய மகள் நினா, 1923 இல் எடுக்கப்பட்ட 'இராப்பாடியின் குரல்' என்ற படத்தில் நடித்தார்.

1933 இல் அவர் எடுத்த 'ஃபெத்திஷ்' படத்தைப் பாருங்கள். பொம்மை தைத்துப் பிழைக்கும் ஏழைத்தாய், நோயுற்ற மகள், தோடம்பழம் கேட்கும் மகளுக்கு வாங்கிக் கொடுக்கத் தாயிடம் பணமில்லை. அவளுடைய கண்ணீர்த்துளி தைத்துக்கொண்டிருந்த நாய்ப்பொம்மைக்குள் விழ, நாய் உயிர் பெறுகிறது. தோடம்பழம் தேடி ஊரெல்லாம் அலைகிறது. ஊசியும் நூலும் பஞ்சும் நிறைந்த ஒரு வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் இக்கதை தோன்றும்.

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய அச்சுக்கோப்பாளர்களிடம் தொழிலைப் பார்த்துப் பழகியவன் நான். பொறுமை என்றால் என்னவென்று அவர்களிடம் கண்டேன். பேசும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு நிமிடத்துக்கு 1440. ஸ்டாரெவிச்சின் 'நரியின் கதை' ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம். மிச்சக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் படத்துக்கு நேர்ந்த கதிதான் மனதை உறுத்துகிறது. 1930 இல் காட்சிகள் யாவும் முடிந்துவிட்டன. ஆனால் பேசும் படங்களின் காலம் பிறந்துவிட்டது. ஒலி சேர்க்கும் முயற்சி தோல்வியுறப் படம் பெட்டிக்குள் முடங்கியது. அந்நரிக் கதையைக் கவிஞர் கேத்தே ஜேர்மன் மொழியில் பாடியிருந்தமையால் ஜேர்மனியர் அதில் நாட்டம் கொண்டனர். நாசி அரசின் பணத்தில் ஒலி சேர்க்கப்பட்டு 1937 இல் பேர்லினில் திரையிடப்பட்டது. வோல்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' அவ்வாண்டு டிசம்பரில்தான் வந்தது. பிரெஞ்சு வடிவம் 1941 இல், ஜேர்மன் படைகள் பாரிஸை ஆண்ட காலத்தில் வெளியாயிற்று. வீட்டில் இருந்து உழைப்பவனுக்கு உழைப்பு தன் கையில். வெளியீடோ எவர் கையிலோ. யாருடைய பணம் என்று அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனால் அந்த உண்மையை விட்டுவிட்டு அவரைப் புகழவும் முடியாது.

வீட்டில் முயல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். தொலைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து அசையாது கட்டிவிடுங்கள். யன்னலை மூடித் திரையிட்டு மேசைவிளக்கை மட்டும் எரியவிடுங்கள். சூரியன் நகர்வதையும் முகில் மறைப்பதையும் கண் உணராது, கமரா உணரும். படம் மினுக்கி மினுக்கி ஓடும். வெள்ளைச் சட்டையுடன் அருகில் நின்றாலும் இதே தொல்லை. விநாடிக்கு 12 படங்கள் போதும். பத்து விநாடிக்கு 120. ஒரு மாலைப்பொழுதுக்கு அது போதுமான வேலை. பொம்மையை எப்போதும் ஒரே அளவில் நகர்த்தாதீர்கள். புறப்படும்போது சிறிதாக, நடுவில் பெரிதாக, நிற்கும்போது மீண்டும் சிறிதாக நகர்த்தினால்தான் அதற்கு உடற்பாரம் இருப்பது போலத் தோன்றும்.

ஸ்டாரெவிச் 1965 இல் காலமானார். அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த 'நாயும் பூனையும் போல' என்ற படம் முற்றுப்பெறவில்லை. இரேன் 1992 வரை வாழ்ந்தார். படங்களைத் தேடிச் சேர்த்துச் செப்பனிட்டு மீண்டும் திரைக்குக் கொண்டுவரும் பணியைப் பேர்த்தி லெயோனா பெயாட்ரிஸும் அவருடைய கணவரும் 1990களில் கையிலெடுத்தனர்.