ஹெட்போனில் கேட்ட வானொலியும் நம் தருமபுரிப் பிள்ளைகள் செய்த ஆம்ப்ளிஃபயரும்



இன்று பேருந்தில் ஏறினால் பாதிப் பேர் காதில் ஹெட்போன். இது புதுப் பழக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் வானொலி பிறந்த காலத்தில் பலரும் ஹெட்போனில்தான் கேட்டார்கள். அன்றைய கிரிஸ்டல் செட்டுக்கு மின்சாரமும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஏரியல் கம்பியில் வந்து சேரும் அலையின் சக்தி மட்டுமே. அதை வைத்து ஒலிபெருக்கியை அசைக்க முடியாது.

அந்தக் கிரிஸ்டல் கலீனா என்ற ஈயத் தாதுக்கல். அதைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ். ஹெட்போனின் கதையும் ருசியானது. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனைத்தான் அந்நாட்டுக் கடற்படை சோதித்து வாங்கியது.

சென்னையில் 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். பணமில்லாமல் 1927-ல் நின்றது. கருவிகளைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆர்வலர்கள் நாலு பேர் கூடித் தொடங்கியதுதான் எல்லாவற்றுக்கும் முதல்படி.

ஒலியைப் பெருக்க முதலில் வால்வு வந்தது. அதற்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். பிள்ளைகள் கையில் தர முடியாது. 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகுதான் 9 வோல்ட் பேட்டரியில் பள்ளிப் பிள்ளையும் ஆம்ப்ளிஃபயர் செய்யலாம் என்றானது. பிறகு எல்எம்386 என்ற எட்டுக் கால் ஐசி. சேலத்துக்கோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ போய்வருபவர்களிடம் சொல்லிவிட்டால் வாங்கி வருவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் என் மாணவன் ஒருவன் அதை வைத்து ஒன்று செய்தான். அறிவியல் கண்காட்சிக்காக அல்ல. அவனுடைய ஆயாவுக்குக் காது மந்தம். வீட்டில் எல்லோரும் ரேடியோ கேட்கும்போது ஆயா மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து, ஐசி வழியாக ஹெட்போனுக்குக் கொடுத்தான். ஆயாவுக்குக் கேட்டது. பத்து நாளில் 'டப் டப் டப்' என்று மோட்டார் படகு போலச் சத்தம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். கடையில் ஐசி போய்விட்டது என்றார்கள். காசு சேர்த்து மாற்றினான். அதே சத்தம்.

பள்ளி மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறாவது காலில் பேட்டரி அழுத்தம் வருகிறதா? வருகிறது. ஐந்தாவது காலில் அதில் பாதி இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் ஐசி நல்லது. புது பேட்டரி போட்டால் சத்தமில்லை; பழசு போட்டால் உண்டு. காரணம் அங்கேதான். பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை கூடும். ஒவ்வொரு உரத்த ஒலிக்கும் அழுத்தம் தாழும். அந்த ஏற்ற இறக்கம் ஐசியின் முன்பகுதிக்குத் திரும்பிப்போய் மறுபடி பெருகும். ஐசிக்கு அருகிலேயே பேட்டரியின் குறுக்கே 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஏழாவது காலில் 10 மைக்ரோஃபாரட். சத்தம் நின்றது. ஆயா மறுபடி செய்தி கேட்டார்.

ஐசியை மாற்றியது ஊகம். அளந்து பார்த்தது அறிவியல். வகுப்பில் நான் எத்தனை நாள் சொல்லியும் புரியாததை அந்த 'டப் டப்' ஒரே மாலையில் புரியவைத்தது.

உங்கள் பிள்ளைகளுடன் செய்துபார்க்க விரும்பினால் ஒரு குறிப்பு. நன்றாகக் காது கேட்பவர்களுக்கு ஒன்றாம் எட்டாம் கால்களுக்கு இடையே கண்டென்சர் வேண்டாம். 20 மடங்கே போதும். அதைப் போட்டால் 200 மடங்கு, இரைச்சலும் கூடும். வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டே ஹெட்போனை மாட்டுங்கள்.

நீங்கள் கையால் செய்த முதல் கருவி எது? எங்கே பழுதானது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்