பசுவைத் தேடி வந்த மேய்ச்சல் நிலம்

இலங்கையில் பனிக்காலம் ஏது என்று கேட்பவர்கள், தை, மாசி மாதங்களில் மத்திய மலைநாட்டின் உச்சிகளில் ஓர் இரவைக் கழிக்கவேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும், அதனினும் உயர்ந்த ஹோட்டன் சமவெளியிலும் மேகமற்ற இரவுகளில் உறைபனி விழுகிறது. விடியற்காலையில் வெண்துகில் போர்த்திக் கிடக்கும் புல், வெயில் ஏறியதும் கருகிப்போகிறது. பங்குனியின் பிற்பகுதியில் இடியோடு வரும் மழைதான் அந்த மலைகளின் வசந்தம். சித்திரை மாத மலர்க் கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் கொழும்பிலிருந்து கூட்டம் வந்து சேருமுன்பே, புல் தனது வசந்தத்தைத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் புல்லை யார் மேய்த்தார்கள், யாருடைய மாடு மேய்ந்தது என்ற கேள்வியில் மலையகத்தின் வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் அதனை அதிகம் கவனித்ததில்லை.

தேயிலை வருவதற்கு முன்பே மாடு வந்துவிட்டது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முனைந்தார். கப்பலில் மனிதர்களோடு உயர்சாதிக் கால்நடைகளும் வந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த டர்ஹாம் இனப் பசு மலையேறும் களைப்பிலேயே மாண்டது. பின்னர் வந்த கொள்ளைநோயில் 26 எருதுகள் சில நாட்களில் மடிந்தன. பசுமையாகத் தோன்றிய அந்த மண் உண்மையில் சத்தற்றது என்பதையும், எருவில்லாமல் அங்கே எதுவும் விளையாது என்பதையும் கைப்பொருளை இழந்தே பேக்கர் கற்றுக்கொண்டார். 1855இல் வெளிவந்த தமது நூலில் இவற்றை அவரே பதிவுசெய்திருக்கிறார்.

அந்த மலைப் புல்வெளிகளைச் சிங்களத்தில் 'பத்தன' என்பார்கள். அட்டனுக்கு அண்மையிலுள்ள பத்தனை என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது. கண்ணுக்குப் பசுமையானாலும் அது முரட்டுப் புல். நல்ல கறவை மாட்டுக்கு அது போதாது. ஆகவே வெளிநாட்டு மாடு வந்தபோது வெளிநாட்டுப் புல்லும் கூடவே வரவேண்டியிருந்தது. கினிப்புல் ஆபிரிக்காவின் புல். மலைநாட்டின் குளிரில் நன்கு படர்ந்த கிக்குயுப் புல்லும் அங்கிருந்து வந்ததே.

கோப்பிக் காலத்தில் மாடு பாலுக்காக மட்டும் வளர்க்கப்படவில்லை, எருவுக்காகவும் வளர்க்கப்பட்டது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை மலைகளை மூடியது. மலைச்சரிவுகள் அனைத்தும் வருமானம் தரும் நிலமாயின. மேய்ச்சலுக்கென்று எஞ்சியது மிகக் குறைவு.

எஞ்சியவற்றுள் முதன்மையானது அம்பேவெல. நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் இடைப்பட்ட அந்த மேட்டில் அரசாங்கம் பாற்பண்ணை அமைத்தது. அதனை அடுத்துள்ள பண்ணைக்கு 'நியூசிலாந்துப் பண்ணை' என்றே பெயர். பெயருக்கேற்ப மேய்ச்சல் முறையும் அந்நாட்டை நினைவூட்டுவது. நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஓர் அடைப்பில் மாடுகளைச் சிறிது காலம் மேயவிட்டு, அடுத்ததற்கு மாற்றுவார்கள். மேய்ந்த அடைப்புக்கு ஓய்வு கிடைக்கும்.

இதில் ஓய்வுதான் உயிர்நாடி. கடிக்கப்பட்ட புல், வேரிலும் தாளடியிலும் சேமித்து வைத்த சத்தைக் கொண்டே மீண்டும் துளிர்க்கிறது. அந்தச் சேமிப்பு நிரம்புமுன் மறுபடி கடிபட்டால் வேர் நலிந்துவிடும். குளிரிலும் வறட்சியிலும் புல் மெதுவாக வளரும், ஓய்வு நீளவேண்டும். மழை வந்ததும் வேகமாக வளரும், ஓய்வு சுருங்கலாம். பிரெஞ்சு அறிஞர் ஆந்திரே வுவாசேன் 1957இல் வெளியிட்ட நூலில் இதனை விதிகளாகவே வகுத்தார்.

ஆனால் இந்த அறிவு தமிழனுக்குப் புதிதன்று. காங்கேயம் மாடுகளை வளர்த்த கொங்குநாட்டில் 'கொறங்காடு' என்ற மேய்ச்சல் நிலம் இன்றும் உண்டு. கிளுவை முள்ளால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய்ந்த மாடு அடுத்த காட்டுக்குப் போகும், முந்தையது ஓய்வெடுக்கும். மதுரை, இராமநாதபுரம் பக்கத்தில் இரவில் வயலில் கிடை அமர்த்தி மண்ணுக்கு எருவிடும் வழக்கமும் பழையது. மலையேறிய தொழிலாளர்கள் இத்தகைய கால்நடை மரபுள்ள மாவட்டங்களிலிருந்தே வந்தார்கள். மாடு வளர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இல்லாதிருந்தது நிலம் ஒன்றே.

எனவே லயத்து மனிதர்கள் தலைகீழான ஒரு முறையைக் கைக்கொண்டனர். பசு புல்லைத் தேடிப் போகமுடியாதபோது புல்லைப் பசுவிடம் கொண்டுவந்தனர். தேயிலைக்குள் மாடு இறங்கலாகாது. ஆற்றோரம், பாதையோரம், கான்கரை, மானாப்புல் மண்டிய பள்ளம் என்று எங்கே புல் இருந்ததோ அங்கே அரிவாள் போயிற்று. நாள் முழுதும் கொழுந்துக் கூடையைச் சுமந்த அதே தலை, மாலையில் புல்லுக்கட்டைச் சுமந்தது. இன்று இந்த ஓரம், நாளை அடுத்த ஓரம், வெட்டிய இடத்துக்கு மீண்டும் வரச் சில வாரம். இதுவும் சுழற்சி மேய்ச்சல்தான்! சுழன்றது மாடல்ல, மனிதர். நல்ல கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ பசும்புல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் சுமையின் கனம் புரியும். உறைபனி விழும் மாதங்களில் நடக்கவேண்டிய தூரமும் கூடும்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களால் பாத்திரங்களைக் கொண்டுபோக முடிந்தது. பசுவைக் கொண்டுபோக முடியவில்லை. பெயர்சொல்லி வளர்த்த மாட்டை விற்றுவிட்டே அவர்கள் போகவேண்டியிருந்தது. இழப்புகளின் எந்தப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை.

பின்னாளில் அரசு மீண்டும் பாலைப்பற்றிச் சிந்தித்தது. அம்பேவெலப் பண்ணைகள் தனியார் கைக்குச் சென்றன. 2012இல் ஆஸ்திரேலியாவிலிருந்து 2,000 சினைப் பசுக்கள் இறக்குமதியாகி, டயகம, போபத்தலாவ உள்ளிட்ட அரச பண்ணைகளுக்கு வந்தன. பேக்கரின் காலத்துக்கு 160 ஆண்டுகளின் பின்னும் அதே நம்பிக்கை: நல்ல மாட்டைக் கடல் கடந்து கொண்டுவந்தால் பால் பெருகும். ஆனால் அருகிலுள்ள லயத்தில் ஒரு பசுவைக் கட்டிக் காத்துவரும் குடும்பத்துக்குப் புல்வளர்க்க நிலம் கொடுப்பது பற்றி எழுந்த பேச்சு குறைவு.

2015க்குப் பின்னர் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் நிலம் என்று வகுக்கப்பட்டது. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். ஆக, ஏக்கரில் 23இல் ஒரு பங்குதான் 7 பேர்ச். வீடு எழுந்தபின் அதில் ஒரு பசுவுக்கு வேண்டிய புல் எங்கே முளைக்கும்? 2016இன் மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். நாட்டின் சராசரி 17.3. பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டு, பிள்ளைக்கு வெறுந்தேநீரைக் கொடுக்கும் வீட்டை இந்த எண்களுக்குப் பின்னால் காணலாம்.

மலையகத் தமிழரின் நிலக் கோரிக்கையை வீட்டுக் கோரிக்கையாக மட்டும் பார்ப்பவர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். கூரைக்கு 7 பேர்ச் போதலாம், வாழ்வுக்குப் போதாது. கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலைக் காணிகள் தோட்டந்தோறும் உள்ளன. தேயிலை ஆராய்ச்சி நிலையமே மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்கு மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் வளர்க்கச் சொல்கிறது. மண் புல்லை ஏற்கும். மக்களுக்கு மாடு தெரியும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஓர் உறுதிப் பத்திரம் மட்டுமே.