ஓரிறை மதங்களுக்குப் பொதுவான உண்மை உண்டா? ராம்மோகன் ராய் நடத்திய விவாதங்கள்

யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று மதங்களும் கடவுள் ஒருவரே என்று சொல்பவை. உபநிடதங்களும் அதையே சொல்கின்றன என்று வாதிட்டவர்கள் இந்து சமயத்துக்குள் உண்டு. அப்படியானால் இவை அனைத்தும் பேசுவது ஒரே உண்மையையா? மூல நூல்களை மூல மொழிகளிலேயே கற்று, இந்தக் கேள்வியை இந்துப் பண்டிதர்களிடமும் கிறித்தவப் போதகர்களிடமும் அச்சு நூல்கள் வழியாக எழுப்பியவர் வங்காளத்தைச் சேர்ந்த ராம்மோகன் ராய் (1772–1833). உடன்கட்டை ஏறும் வழக்கத்தை எதிர்த்தவர் என்ற அளவில் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அவரது வாழ்நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட இந்த விவாதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

முகலாயர் காலப் பின்னணி

இந்தக் கேள்வி ராம்மோகனிடம் தொடங்கியதல்ல. பேரரசர் அக்பர் 1575இல் ஃபத்தேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற விவாத மண்டபத்தை அமைத்தார். முதலில் இஸ்லாமிய அறிஞர்கள் மட்டுமே அங்கே வாதிட்டனர். பிறகு பிராமணர், சமணர், பார்சிகள், கோவாவிலிருந்து 1580இல் வந்த இயேசு சபைப் பாதிரியார்கள் என்று அரங்கம் விரிந்தது. அக்பரின் கொள்ளுப்பேரன் தாரா ஷுகோ இன்னும் ஆழமாகச் சென்றார். சூஃபி மரபும் வேதாந்தமும் சந்திக்கும் இடத்தைக் காட்ட 1655இல் 'மஜ்மா உல் பஹ்ரைன்' என்ற நூலை எழுதினார். 'இரு கடல்களின் சங்கமம்' என்பது அந்தப் பெயரின் பொருள். 1657இல் பண்டிதர்களின் துணையோடு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தார். இரண்டு ஆண்டுகளில், தம்பி ஔரங்கசீப்பின் ஆட்சியில், மதத்தைக் கைவிட்டவர் என்ற குற்றச்சாட்டின் பேரில் கொல்லப்பட்டார். அரியணைப் போட்டியே அதன் உண்மையான காரணம் என்றாலும், அவரது நூல்கள் அதற்கு வசதியான சாட்சியமாயின.

பாரசீகம் கற்ற வங்காளப் பிராமணக் குடும்பங்கள் இந்த அறிவுச் சூழலின் வாரிசுகள். ஹூக்ளி பகுதியில் ராதாநகர் என்ற ஊரில் பிறந்த ராம்மோகன் பாரசீகமும் அரபும் கற்றது அன்றைய அரசு வேலைக்குரிய படிப்பாகத்தான். இறையியல் அதனோடு சேர்ந்து வந்தது.

ஓரிறை நம்பிக்கையாளருக்கு ஒரு காணிக்கை

அவரது முதல் நூல் 'துஹ்ஃபத் உல் முவஹ்ஹிதீன்'. 1803–04 காலத்தில் முர்ஷிதாபாத்தில் வெளியானது. நூல் பாரசீகத்தில், முன்னுரை அரபு மொழியில். இறைவன் ஒருவனே என்று உறுதிகூறுபவரைக் குறிக்கும் 'முவஹ்ஹித்' என்ற இஸ்லாமியச் சொல்லை ஒரு பிராமணர் தன் நூலின் தலைப்பில் வைத்தார்.

நூலின் வாதம் எளிமையானது, கடுமையானதும்கூட. எங்கு சென்று பார்த்தாலும் மக்கள் படைப்புக்கு மூலமான ஒரு பரம்பொருளை ஏற்கிறார்கள். அதன் பண்புகள் எவை, அதற்கு எப்படி வழிபாடு செய்வது, எதை உண்பது, எதை விலக்குவது என்பவற்றில்தான் பிரிகிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது மனித இயல்பிலிருந்து வருவது. வேறுபடுவது வளர்ப்பிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருவது. ஆகவே முதலாவது மட்டுமே உண்மை என்று கொள்ளத்தக்கது. ஒவ்வொரு மதமும் தன் அற்புதங்களைச் சான்றாகக் காட்டுகிறது. அவை ஒன்றையொன்று மறுக்கும் கொள்கைகளுக்குச் சான்றாக நிற்பதால் எல்லாம் ஒருசேர மெய்யாக இருக்க முடியாது. மனிதர்களை அவர் நான்காகப் பிரித்தார்: ஏமாற்றுவோர், ஏமாறுவோர், ஏமாந்துகொண்டே பிறரையும் ஏமாற்றுவோர், இரண்டும் செய்யாதோர். நான்காம் வகையினர் சிலரே என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இதை ஒரு கழித்தல் கணக்கு எனலாம். எல்லா மதங்களிலிருந்தும் வேறுபாடுகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பொது உண்மை. கணக்கு சுலபமானது. ஆனால் கழிக்கப்படும் பகுதியையே தன் மதத்தின் உயிர் என்று கருதுபவர் அதற்கு என்ன சொல்வார் என்ற கேள்வியை இந்த நூல் எதிர்கொள்ளவில்லை. அந்தப் பதில் அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

சென்னையிலிருந்து வந்த மறுப்பு

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் டிக்பியிடம் பணியாற்றிய பின் ராம்மோகன் கல்கத்தாவில் குடியேறினார். 1815இல் ஆத்மிய சபையைத் தொடங்கினார். இப்போது அவரது முறை மாறியிருந்தது. பகுத்தறிவை மட்டும் நம்பி எழுதியவர், இப்போது நூல்களையே சாட்சிக்கு அழைத்தார். வேதாந்த சூத்திரங்களையும் கேன, ஈச உபநிடதங்களையும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து, இந்துக்களின் சொந்த நூல்களே உருவமற்ற ஒரு பரம்பொருளை வழிபடச் சொல்கின்றன என்று காட்ட முனைந்தார்.

1816 டிசம்பரில் சென்னையின் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் சென்னை அரசுக் கல்லூரியின் தலைமை ஆங்கில ஆசிரியர் சங்கர சாஸ்திரி. ராம்மோகன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, பரம்பொருள் ஒன்றே என்பது வேதம் அறிந்த எவருக்கும் தெரிந்ததே என்றார் அவர். தெய்வ வடிவங்கள் அந்த ஒன்றின் பண்புகளை உருவகித்தவை. மனத்தை நிறுத்த இயலாதவர்களுக்கு அவை படிக்கட்டு. 1817இல் ராம்மோகன் தனி நூலாகவே பதில் எழுதினார். தான் கண்டுபிடிப்பாளர் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை என்றார். தெய்வங்களை வழிபடும் பெரும்பாலான மக்கள் அவற்றைப் பண்புகளின் குறியீடாகக் கருதுவதில்லை, தனித்தனித் தெய்வங்களாகவே நம்புகிறார்கள் என்பது அவரது முக்கியமான வாதம்.

இந்த இடத்தில் சாஸ்திரியின் கருத்தை எளிதில் தள்ள முடியாது. ஒன்றே தெய்வம் என்பதை அவரும் ஏற்கிறார். ஆனால் அந்த ஒன்றை அடையும் வழிகளைக் கழித்துவிட்டு வெறும் ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால் சாதாரண மனிதர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று கேட்கிறார்.

இயேசுவின் போதனைகள்

1820இல் ராம்மோகன் 'இயேசுவின் போதனைகள்: அமைதிக்கும் மகிழ்ச்சிக்கும் வழிகாட்டி' என்ற ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டார். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோரின் நற்செய்திகளிலிருந்து பெரும்பகுதியும் யோவானிலிருந்து மிகக் கொஞ்சமும் எடுக்கப்பட்டிருந்தன. அறவுரைகளும் உவமைகளும் இருந்தன. அற்புதங்களும் கொள்கை விவாதத்துக்கு இடமான பகுதிகளும் இல்லை. கல்கத்தாவின் பாப்டிஸ்ட் மிஷன் அச்சகத்திலேயே அது அச்சானது.

அற்புதங்களை விட்டதற்கு அவர் பின்னர் சொன்ன காரணம் சுவையானது. கடலையே குடித்த அகத்தியரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம், தண்ணீரின் மேல் நடந்த கதையைச் சொல்லி வியக்க வைக்க முடியாது; அறவுரைதான் அவர்களைத் தொடும் என்றார்.

செராம்பூரின் பாப்டிஸ்ட் போதகர்கள் கொதித்தனர். வில்லியம் கேரியின் தோழரான ஜோஷுவா மார்ஷ்மன் தங்கள் இதழான 'ஃபிரண்ட் ஆஃப் இந்தியா'வில் அந்தத் தொகுப்பைத் தாக்கினார். தொகுத்தவரை அறிவுள்ள ஒரு 'புறச்சமயி' என்று அவர் குறிப்பிட்டது ராம்மோகனைப் புண்படுத்தியது. ஒரே மெய்யான கடவுளை நம்புகிற ஒருவனுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும் என்று அவர் கேட்டார். ஆனால் மார்ஷ்மனுடைய எதிர்ப்பின் அடிப்படை வசைச்சொல் அன்று. மனிதன் பாவத்தில் விழுந்தவன், அவனை மீட்கக் கடவுளே மனிதராகி உயிர்ப்பலி தந்தார் என்பதே கிறித்தவத்தின் செய்தி. அதை நீக்கிவிட்ட அறவுரை, நோயாளியிடம் நலமாக இரு என்று சொல்வதற்குச் சமம். 1820, 1821, 1823 என்று மூன்று மறுமொழி நூல்களை ராம்மோகன் எழுதினார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். மூன்றாவது நூலை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்தபோது சொந்தமாக அச்சகம் நிறுவினார்.

இதே ஆண்டுகளில் 'பிராமணிக்கல் மேகசின்' என்ற இதழில், சிவப்பிரசாத் சர்மா என்ற பெயரில், பாதிரிமாருக்கு எதிராக அவர் ஒரு கேள்வியை வைத்தார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒருவரே என்று சொல்லலாம் என்றால், பல தெய்வங்களும் ஒன்றே என்று இந்து சொல்வதை மட்டும் எப்படிப் பழிக்க முடியும்? சென்னையின் சாஸ்திரியும் செராம்பூரின் மார்ஷ்மனும் ஒருவரையொருவர் ஏற்கமாட்டார்கள். ஆனால் ராம்மோகனின் பார்வையில் இருவரும் ஒரே தவற்றை வெவ்வேறு பெயரில் காத்து நின்றனர்.

ஓர் இடைச்சொல்லால் வந்த பிளவு

இந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி கேள்வியின் நுட்பத்தைக் காட்டுகிறது. ராம்மோகனும் பாப்டிஸ்ட் போதகர்கள் வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆதம் இருவரும் சேர்ந்து நற்செய்திகளை வங்காளத்தில் பெயர்த்துவந்தனர். யோவான் முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் 'தியா' என்ற கிரேக்க இடைச்சொல் வருகிறது. எல்லாம் வார்த்தையானவரால் படைக்கப்பட்டனவா, அவர் வழியாகப் படைக்கப்பட்டனவா? முதலாவது என்றால் இயேசுவே படைத்தவர். இரண்டாவது என்றால் படைத்தவர் வேறு, இயேசு கருவி. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று விளங்கும். மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபு 'வாளால் வெட்டினான்' என்பதில் கருவியையும் 'தச்சனால் ஆனது' என்பதில் கருத்தாவையும் குறிக்கிறது.

'வழியாக' என்பதே சரி என்று முடிவாயிற்று. யேட்ஸ் பின்னர் தயங்கி, பணியிலிருந்து விலகினார். ஆதம் விலகவில்லை, தொடர்ந்து யோசித்து, 1821இல் திரித்துவக் கொள்கையையே கைவிட்டு யூனிடேரியன் கிறித்தவரானார். கல்கத்தாவின் ஆங்கிலேயர்கள் அவரை 'வீழ்ந்த இரண்டாம் ஆதாம்' என்று கேலி செய்தனர். இந்துவை மதம் மாற்ற வந்தவர் அந்த இந்துவால் மாறிப்போனது லண்டன் வரை பேசப்பட்டது.

தமிழகத்தில் இதற்கு முன்பே, ராம்மோகனின் தாக்கம் எதுவுமின்றி, இப்படி ஒன்று நிகழ்ந்திருந்தது. பிறப்பால் தமிழ் இந்துவான வில்லியம் ராபர்ட்ஸ் இங்கிலாந்து சென்று யூனிடேரியன் நூல்களைக் கற்றுத் திரும்பினார். சென்னைப் புரசைவாக்கத்தில் தமிழில் வழிபாடு நடத்திய யூனிடேரியன் சபையை உருவாக்கினார்.

எல்லாருக்குமான ஒரு கூடம்

ஆதமின் வழிபாட்டுக் கூட்டங்கள் கல்கத்தாவில் நிலைக்கவில்லை. 1828 ஆகஸ்டு 20 அன்று ராம்மோகன் பிரம்ம சபையைத் தொடங்கினார். 1830 ஜனவரியில் அது சொந்தக் கட்டடத்துக்குச் சென்றது. கட்டடத்தின் அறக்கட்டளைப் பத்திரம் அவரது கழித்தல் கணக்கின் சட்ட வடிவம். எந்த இனத்தவரும் வரலாம். எந்த மதத்துக்குரிய தனிப் பெயராலும் கடவுளை அழைக்கக்கூடாது. உருவமோ படமோ வைக்கக்கூடாது. பிறர் வணங்கும் எதையும் இழித்துப் பேசக்கூடாது.

நடைமுறை அவ்வளவு சுத்தமாக அமையவில்லை. தெலுங்குப் பிராமணர் இருவர் வேதம் ஓதினர். அது பிராமணரல்லாதார் நுழைய முடியாத பக்க அறையில் நடந்தது. பொதுக்கூடத்தில் பாடல்களுக்குப் பக்வாஜ் வாசித்தவரோ குலாம் அப்பாஸ் என்ற இஸ்லாமியர். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ராம்மோகன், 1833 செப்டம்பர் 27 அன்று பிரிஸ்டலில் யூனிடேரியன் நண்பர்களிடையே இறந்தபோது அவர் தோளில் பூணூல் இருந்தது. இதை வெறும் முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடுவது சரியல்ல. பொது உண்மையைக் கண்டவரும் ஏதோ ஒரு மரபுக்குள்தான் நின்றாக வேண்டியிருந்தது.

கேசவ் சந்திர சென்னும் கிரீஷ் சந்திர சென்னும்

1866இல் பிரம்ம சமாஜம் பிளந்தது. பிரிந்த பிரிவின் தலைவர் கேசவ் சந்திர சென் அதே ஆண்டில் இந்து, யூத, கிறித்தவ, இஸ்லாமிய, பார்சி நூல்களிலிருந்து வாசகங்களைத் திரட்டி 'ஸ்லோக சங்கிரகம்' வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் சென்னைக்கு வந்ததன் விளைவாக இங்கே வேத சமாஜம் உருவாகியிருந்தது. பின்னாளில் கேசவ் தன் சீடர்களுக்கு ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்: ஒவ்வொருவரும் ஒரு மதத்தை எடுத்துக்கொண்டு அதன் மூல நூல்களிலேயே மூழ்க வேண்டும். கிறித்தவம் பிரதாப் சந்திர மஜும்தாருக்கு, பௌத்தம் அகோரநாத் குப்தாவுக்கு, இஸ்லாம் கிரீஷ் சந்திர சென்னுக்கு.

இது ராம்மோகனின் முறைக்கு நேர்மாறானது. இங்கே எதையும் கழிப்பதில்லை. கிரீஷ் சந்திரர் நாற்பது வயதைக் கடந்தபின் 1876இல் லக்னோ சென்று அரபு கற்றார். 1881 முதல் 1886 வரை குர்ஆனைப் பகுதி பகுதியாக வங்காளத்தில் வெளியிட்டார். முதல் பகுதியில் மொழிபெயர்த்தவர் பெயரே இல்லை. வங்காள இஸ்லாமிய அறிஞர்கள் சிலர் அதைப் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதினர். இயேசுவின் போதனைகளைத் தொகுத்தவருக்குச் செராம்பூரில் கிடைக்காத வரவேற்பு இது. தமக்கு ஒத்துவருவதை மட்டும் எடுத்து இதுவே உங்கள் மதம் என்று அவர் காட்டவில்லை. அவர்கள் ஓதும் நூலை அவர்கள் ஓதும் முழுமையோடு கொடுத்தார். நபிமொழித் தொகுப்பான மிஷ்காத்திலிருந்தும் மொழிபெயர்த்தார். சூஃபி ஞானியரின் வரலாறுகளை 'தாபசமாலா' என்ற பெயரில் எழுதினார். வங்காள இஸ்லாமியர் அவரை 'பாய்' கிரீஷ் என்று அழைத்தனர். 1910இல் இறக்கும்வரை அவர் பிரம்ம சமாஜத்தவராகவே இருந்தார்.