ஷிவா: யூதத் துக்க வீடு

யூத மரபில் பெற்றோர், உடன்பிறந்தார், வாழ்க்கைத் துணை, மக்கள் ஆகியோருள் ஒருவர் இறந்தால், அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் வீட்டிலிருந்தே துக்கம் காப்பர். இதற்கு ‘ஷிவா’ என்று பெயர். எபிரேயத்தில் ஏழு என்று பொருள். ஒலி ஒத்தாலும் சிவனோடு தொடர்பில்லை.

ஆதியாகமத்தில் யோசேப்பு தன் தந்தை யாக்கோபுக்கு ஏழு நாள் துக்கம் கொண்டாடுகிறான். யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் பேச்சின்றி அவனோடு தரையில் அமர்கிறார்கள். ஆனால் வீட்டை என்ன செய்ய வேண்டும் என்பதை விரிவாகச் சொல்வது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதுதான். அதிலும் ‘மோயத் கத்தான்’ என்ற பகுதி.

அங்கே முதன்மையான சடங்கு கட்டிலைக் கவிழ்ப்பது. துக்கம் காப்பவர் தம் கட்டிலை மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லாக் கட்டில்களையும் கவிழ்த்துவைக்க வேண்டும். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளில் வெளிப்படையாகத் துக்கம் காட்டக்கூடாது என்பதால், வெள்ளி பிற்பகலில் அவற்றை நிமிர்த்துவார்கள்.

1565இல் வெனிசில் அச்சான யோசேப் காரோவின் ‘ஷுல்கான் அரூக்’ என்ற சட்டநூல், இவ்வழக்கம் நின்றுபோனதற்கு இரண்டு காரணம் கூறுகிறது: பிற சமயத்தார் சூனியம் என்று ஐயுறுவர், கட்டிலின் அமைப்பும் மாறிவிட்டது. அண்டை வீட்டாரின் அச்சம் ஒரு சடங்கையே ஒழித்ததை இவ்வளவு வெளிப்படையாகச் சட்டநூல்கள் ஒப்புக்கொள்வது அரிது. தாழ்வாக உட்காரும் வழக்கம் மட்டும் தங்கியது. இன்றும் குட்டை முக்காலியிலோ, மெத்தை நீக்கிய இருக்கையிலோதான் அமர்கின்றனர்.

இன்று துக்க வீட்டின் அடையாளமாகவே கருதப்படும் கண்ணாடி மூடல் தல்மூதில் இல்லை. அது பிற்காலத்தது. அழகை மறக்க, கண்ணாடி முன் தொழாதிருக்க என்று பல விளக்கங்கள் உண்டு. கவிழ்த்த கட்டிலுக்கு ஈடு என்பதும் அவற்றுள் ஒன்று.

துக்கம் காப்போரின் முதல் உணவு அண்டை வீட்டாருடையதாக இருக்க வேண்டும். அவித்த முட்டை, மைசூர்ப் பருப்பு போன்ற உருண்டை வடிவப் பண்டங்களே வழக்கம். மற்றப் பயறுகளுக்குள்ள வாய்ப்பிளவு இப்பருப்புக்கு இல்லை. துக்கப்பட்டவருக்கும் வாயில்லை என்கிறது தல்மூது. முற்காலத்தில் செல்வர் வெள்ளிக் கூடையிலும் பொற்கூடையிலும், ஏழைகள் தோலுரித்த மிலாறுக் கூடையிலும் உணவு கொண்டுசென்றனர். ஏழைகள் நாணியதால், எல்லோருக்கும் மிலாறுக் கூடையே என்று விதித்தனர்.

ஏழு நாள் எரியும் விளக்கு, தாழிடாத கதவு, பத்துப் பேர் கூடித் தொழ இடம் ஆகியவை மற்ற ஏற்பாடுகள். இன்று பல நகரங்களில் முக்காலிகள், மெழுகுவர்த்தி, தொழுகை நூல்கள் எல்லாவற்றையும் ஈமச்சடங்கு நிலையத்தாரே வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றனர்.