மேடை அங்கே, சம்பளம் இங்கே

2012 ஒலிம்பிக்கில் வாலிபால் ஆட்டங்கள் நடந்தது லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில். போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் பிரிட்டனின் ஆண், பெண் அணிகள் இரண்டும் அதில் ஆடின. இந்திய அணியோ இன்றுவரை ஒலிம்பிக் வாலிபாலில் கால் பதித்ததில்லை. அதனால் பிரிட்டிஷ் ஆட்டக்காரரின் பிழைப்பு மேல் என்று நினைத்துவிடக் கூடாது.

பிரிட்டனில் அரசுப் பணமும் லாட்டரிப் பணமும் பதக்க வாய்ப்பைப் பார்த்தே பிரிக்கப்படுகின்றன. ஒலிம்பிக்குக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2010-இல், பெண்கள் அணிக்கான நிதி நின்றுபோனது. வீராங்கனைகள் கலையவில்லை. ஷெஃபீல்டிலிருந்து லண்டன் வரை சைக்கிள் மிதித்துக்கூட நிதி திரட்டினார்கள். எர்ல்ஸ் கோர்ட்டில் அல்ஜீரியாவை ஐந்து செட் போராடி 3-2 என வென்றார்கள். ஒலிம்பிக் வாலிபாலில் பிரிட்டனுக்கு அதுதான் முதல் வெற்றி. ஆண்கள் அணி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. அந்த டிசம்பரிலேயே அதற்கான நிதியும் போயிற்று.

நம் பக்கத்தில் கணக்கே வேறு. ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஏதாவது ஒரு துறை ஆட்டக்காரரை விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்துக்கொள்ளும். போட்டிக்குப் போனால் 'ஆன் டூட்டி'. ஆட்டத்தை விட்ட பிறகும் சம்பளம் வரும். இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான் இந்திய ஆண்கள் ஆசிய விளையாட்டில் 1958-இல் வெண்கலம், 1962-இல் வெள்ளி, 1986-இல் மீண்டும் வெண்கலம் வென்றார்கள். பிறகு அந்தப் பதக்கமேடையில் ஏறவில்லை. வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்ததும் பலருக்கு ஆட்டத்தின் வேகம் குறைந்துவிடுகிறது என்ற குறையும் உண்டு.

இருவரை எடுத்துக்கொள்வோம். கேரளப் போலீஸில் இருந்த ஜிம்மி ஜார்ஜ் அபுதாபிக்கும் பிறகு இத்தாலிக்கும் போய் கிளப்புகளில் ஆடினார். 1987-இல் இத்தாலியிலேயே கார் விபத்தில் இறந்தார். லண்டனில் பிறந்த சவானா லீஃப் 2012 பிரிட்டிஷ் அணியில் ஆடினார். வெளிநாட்டு கிளப்புகளிலும் ஆடி, காயத்தால் விலகிச் சினிமாவுக்குப் போனார். 'எர்த் மாமா' படத்துக்காக 2024-இல் பாஃப்டா அறிமுக விருது பெற்றார். துறை வேலை இருந்தவரும் இல்லாதவரும் முழுநேரமாக ஆட வேண்டுமென்றால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.

காரணம் ஒன்றுதான்: ஆட்டத்தையே தொழிலாக்கும் வலுவான உள்நாட்டு லீக் இரண்டு இடத்திலும் வேர்விடவில்லை. பிரிட்டன் கொடுத்தது பதக்கத்துக்கான முதலீடு. பதக்கம் வராது என்று தெரிந்ததும் திரும்பிப் போனது. இந்தியா கொடுத்தது குடும்பத்துக்கான காப்பு. அது ஆளைக் காப்பாற்றியது, ஆட்டத்தை உயர்த்தவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் துறை வேலையை எடுக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2022-இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் போன்றவை நிலைத்து, ஆண்டில் பல மாதம் நடந்தால்தான், வேலை கிடைத்த பிறகும் ஆட்டக்காரர் முன்னேற ஒரு காரணம் இருக்கும்.