நூதனசாலையில் ஒரு கல்

கொழும்பு மாநகரைப் பார்க்கச் செல்வோர் காலிமுகத்திடலிலே காற்று வாங்கி, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையையுஞ் சுற்றி வருவர். 1877ஆம் ஆண்டிலே தேசாதிபதி கிரெகரி திறந்துவைத்த நூதனசாலைக்குட் புகுவோரும் கண்டியரசரின் சிம்மாசனத்தைக் கண்ட நிறைவோடு மீண்டுவிடுகின்றனர். முதன்முறை நாமும் அவ்வாறே மீண்டோம். மறுமுறை சென்றபோதே அக்கல் நம் கண்ணிற்பட்டது.

1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், சீனக் கடற்றளபதி செங் ஹேயின் கப்பற்படையோடு இலங்கை வந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதிலுள. ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்புக்கள் என்றே எண்ணினோம். அன்று! சீனப்பகுதி புத்தபெருமானைப் போற்றுகின்றது. தமிழ்ப்பகுதி தேவேந்திரமுனையிலே கோயில்கொண்ட தெனவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப்பகுதியோ இஸ்லாத்தைச் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. அக்காலக் கடல் வாணிகத்திலே தமிழுக்கிருந்த இடத்தை அறிய வேறு சான்றும் வேண்டுமோ?

அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். கல்லோ காலி நகரிலே மதகொன்றின் மூடுகல்லாய்க் கிடந்து, 1911இலே பொறியியலாளர் ஒருவரால் கண்டெடுக்கப்பட்டது. எத்தனை வண்டிகள் அதன்மேல் உருண்டனவோ! பாரசீக எழுத்துக்கள் பெரிதுந் தேய்ந்துவிட்டன. தமிழெழுத்துக்களை நாம் ஒவ்வொன்றாய்க் கூட்டிப் படித்து மூன்றாம் வரியை எட்டுமுன் காவலாளி மணியடித்துவிட்டார்.